பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்டை மலைக்குக் கூட்டி வருவதற்கு முன்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு. கோவைப் பக்கம் பந்தயத்தில் ஓடிய நான்கு வயது ஆண் கிரேஹவுண்ட் ஒன்றை, வைத்திருந்தவர் விட்டுக்கொடுக்கிறார். குளிரைத் தாங்குமா? சிறுத்தை நடமாடும் இடத்தில் வைத்துக்கொள்ளலாமா? அன்றாடம் என்னென்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் கிரேஹவுண்டைப் போல அடக்கமான பெரிய நாயைப் பார்ப்பது அரிது. நாளில் முக்கால்வாசி நேரம் சுருண்டு கிடக்கும், குரைப்பதும் குறைவு. காவலுக்கு ஆகும் என்ற நினைப்பு இருந்தால் மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். திருடன் வந்தால் எழுந்து இடம் கொடுக்கிற ஜாதி இது. உங்கள் கவனம் முழுக்க இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: வாசல் கதவு, அப்புறம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இந்த நாய்கள் அந்த இரண்டிலும் பறிபோவதுண்டு. மலையில் இரண்டுமே இன்னும் சிக்கலாகும்.

முதலில் கதவு. நின்ற இடத்திலிருந்து சில தாவலில் முழு வேகம் பிடிக்கிற உடம்பு அது, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். முயலோ பூனையோ கண்ணில் பட்டால் காது அடைத்துவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. பழக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்ததைத் துரத்தத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் இது. பந்தயக்காரரும் அதையே ஊட்டி வளர்த்திருக்கிறார். ஆகவே வேலியில்லாத இடத்தில் லீஷைக் கழற்றவே கூடாது, பத்து வருஷம் ஆனாலும்.

சாதாரண நாய் பெல்ட் இதற்கு உதவாது. கழுத்து தலையைவிடத் தடிமன். பின்பக்கமாக ஒரு இழு இழுத்தால் பெல்ட் காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். மார்டிங்கேல் பெல்ட் வாங்குங்கள், அகலம் 4 முதல் 5 சென்டிமீட்டர். அதில் பெரிய வளையம் ஒன்று, அதைச் சுருக்குகிற சின்ன வளையம் ஒன்று. லீஷ் இழுபடும்போது கழுத்து அளவுக்குச் சுருங்கும், அதற்கு மேல் இறுக்காது. காதுக்குக் கீழே, கழுத்தின் மெல்லிய மேல்பகுதியில் போட்டு இழுத்துப் பாருங்கள். பெரிய வளையத்தின் இரு முனையிலும் உள்ள இரும்பு வளையங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தொட்டுவிட்டால் பெல்ட் தொளதொளப்பு, உருவிக்கொள்ளும். வீட்டில் தனியாக இருக்கும்போது இதைக் கழற்றிவிடுங்கள். கட்டில் காலிலோ கிரில்லிலோ சின்ன வளையம் மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும். போன் நம்பர் பொறித்த தகடு தனியாக ஒரு மெல்லிய பட்டையில் எப்போதும் கழுத்தில் இருக்கட்டும்.

லீஷ் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதும். பொத்தானை அமுக்கினால் நீளும் வகை லீஷ் வேண்டவே வேண்டாம். ஐந்து மீட்டர் கயிறு முடிவதற்குள் நாய் வேகம் பிடித்துவிடும். கயிறு தீர்கிற இடத்தில் 30 கிலோ உடம்பு முழு வேகத்தில் கழுத்தால் நிறுத்தப்படும். ஒன்று நாயின் கழுத்து போகும், இல்லை உங்கள் தோள்பட்டை.

வேலி விஷயத்தில் சமவெளிக் கணக்கு மலையில் செல்லாது. ஐந்தடி வேலி என்பார்கள், கீழே நின்று பார்த்தால் ஐந்தடிதான். உங்கள் இடம் படிப்படியான மேடாக இருந்தால், மேல் படியிலிருந்து பார்க்கும் நாய்க்கு அது இரண்டடி வேலி. எந்தப் பக்கம் மேடோ அந்த மேட்டிலிருந்து ஐந்தடியாவது இருக்கும்படி வேலியை உயர்த்த வேண்டும், ஆறடி என்றால் நிம்மதி. பள்ளத்துப் பக்கம் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். கல் கட்டுச் சுவரின் விளிம்பு தெரியாமல் ஓடி நேராகக் கீழே விழும். விளிம்புக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே வலை கட்டிவிடுங்கள். முள்கம்பி இருந்தால் அகற்றிவிடுங்கள். கம்பி வலையாக இருந்தாலும் வேகத்தில் அதன் கண்ணுக்குப் படாது, பழைய துணிக் கீற்றுகளை இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டால் பார்த்துக்கொள்ளும். வாசலில் ஒரு கதவுக்கு இரண்டு கதவாக வையுங்கள். பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர் ஒன்றைத் திறக்கும்போது மற்றொன்று மூடியிருக்கும்.

தேயிலைக்குள் நடத்திக் கூட்டிப் போவதில் குற்றமில்லை. கவாத்து பண்ணிய காட்டுக்குள் மட்டும் விடாதீர்கள். வெட்டிய நுனிகள் ஒவ்வொன்றும் சீவின குச்சி மாதிரி நிற்கும், நாயின் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக. கிரேஹவுண்டின் தோலோ காகிதம், அடியில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வேறு நாய்க்குக் கீறல் விழும் இடத்தில் இதற்கு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து தொங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ரத்தம் அவ்வளவாக வராது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அழுத்திப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஈரமான சுத்தத் துணியால் மூடி, மேலே தளர்வாகக் கட்டி, அன்றைக்கே தையல் போடக் கொண்டுபோங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆகும், ஓரத் தோலும் செத்துப்போகும்.

சிறுத்தைக்கு வருவோம். வராந்தாவிலோ ஷெட்டிலோ கட்டிப் போட்ட நாய் சிறுத்தைக்குப் போட்ட சாப்பாடு. கட்டுண்ட நாயால் ஓடவும் முடியாது. கிரேஹவுண்ட் உள்ளே தூங்கும் நாய், அதனால் இந்த விஷயத்தில் உங்கள் வேலை சுலபம்தான். இருட்டுவதற்கு முன் கடைசியாக வெளியே கூட்டிப்போய்விட்டு, விடிந்து வெளிச்சம் வந்த பிறகே மறுபடி. நடுவே அவசரம் என்றால் கிரில் போட்ட வராந்தாவின் மூலையில் ஒரு அகலத் தட்டில் மண்ணும் புல் கரணையும் போட்டுப் பழக்குங்கள், வளர்ந்த நாய் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ராத்திரி லீஷோடு கூட்டிப் போகிறேன், டார்ச் இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம். கோத்தகிரியில் கரடியும் அதே நேரத்தில்தான் உலாவும்.

காட்டெருமை பகலிலேயே வரும். நாய் துரத்தினால் அது திரும்பி நாயைத் துரத்தும், நாய் உங்களிடம்தான் ஓடிவரும். மீதியை யோசித்துக்கொள்ளுங்கள். சட்டமும் இருக்கிறது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குச் சொல்லும் விளக்கத்தில் கொல்வதோடு, நாயை விட்டுத் துரத்துவதும் அதற்கான முயற்சியும் சேர்த்தி. காட்டு முயலின் பின்னால் உங்கள் நாய் சோலைக்குள் போனால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி, கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் எல்லாம் நாயையும் பன்றியையும் பிரித்துப் பார்க்காது. பழனி மலை அடிவாரத்துப் பக்கம் போகிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். தோட்டப் பக்கம் நடக்கும்போது கூடை மாதிரியான வாய்க்கூடு போட்டுவிடுவது புத்திசாலித்தனம். அதோடு தண்ணீர் குடிக்கலாம், மூச்சு வாங்கலாம், ஆனால் கீழே கிடப்பதைக் கவ்வ முடியாது. எலி மருந்து, காய்கறிப் பாத்தியில் நத்தைக்கு வைக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுவே காப்பு. பந்தய நாய்கள் பெரும்பாலும் வாய்க்கூடு பழகியவை, முரண்டு பிடிக்காது.

குளிரைத் தானாகத் தாங்காது, நீங்கள்தான் தாங்க வைக்க வேண்டும். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகிற மாதங்களில் வெளியே போகும்போது கோட்டு கட்டாயம், மழைச்சாரலும் காற்றும் சேர்ந்தால் 15 டிகிரியிலேயே நடுங்கும். கழுத்து அடியிலிருந்து வால் அடிவரை அளந்து வாங்குங்கள். 30 கிலோ ஆண் நாய்க்கு 70 முதல் 75 சென்டிமீட்டர் வரும். கடையில் லாப்ரடார் அளவில் தருவது முதுகு மட்டும் மூடி, ஆழமான நெஞ்சைத் திறந்துவிடும். வெளியே தண்ணீர் புகாத துணி, உள்ளே ஃபிளீஸ். நனைந்த ஸ்வெட்டர் ஸ்வெட்டர் இல்லாததைவிட மோசம். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்தது காயாது, இரண்டு கோட்டு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை தரையிலிருந்து உயர்ந்திருக்கட்டும், 10 சென்டிமீட்டர் நுரை மெத்தையாவது வேண்டும். சிமென்ட் தரையில் படுத்தால் முழங்கை எலும்பில் நீர்க்கட்டி வந்துவிடும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது மனிதருக்கே எமன், நாயோடு சேர்த்து வேண்டாம். ஹீட்டர் வைத்தால் முன்னே தடுப்பு வையுங்கள், இது ஒட்டிப் படுத்துத் தோல் பொசுங்கும் வரை எழுந்திருக்காது.

இனி ரத்தம். உங்கள் ஊர் டாக்டருக்குக் கிரேஹவுண்டு அதிகம் வராது. அது அவர் குறையில்லை, ஆனால் சில எண்களை நீங்கள் தெரிந்து வைத்திருந்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மற்ற நாய்களுக்கு ரத்தத்தில் சிவப்பணு அளவு, அதாவது பிசிவி, 37 முதல் 55 சதவீதம். கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65 வரை சகஜம். பிளேட்லெட் நேர்மாறு: மற்றவற்றுக்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்கும், இதற்கு 80 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை இருந்தாலும் நாய் நலம்தான். தைராய்டு அளவு டி4 குறைவாகவே காட்டும், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் சற்றுக் கூடும். இப்போது சிக்கலைப் பாருங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் பிளேட்லெட் என்று வந்தால், உண்ணிக்காய்ச்சல் என்று 28 நாள் டாக்சிசைக்ளின் எழுதிவிடுவார்கள், நாய்க்கு ஒன்றுமே இருக்காது. எதிர்ப்பக்கத் தப்பு இன்னும் ஆபத்து: பிசிவி 40 என்று வந்தால் லேப் தாளில் அது நார்மல் கட்டத்துக்குள் விழும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கிரேஹவுண்டுக்கு அது ரத்தசோகை. உண்ணி பரப்பும் பேபீசியா என்ற ரத்தக் கிருமி உள்ளே உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே நாய் வந்த முதல் மாதத்தில், நன்றாக இருக்கும்போதே, ஒரு முழு ரத்தப் பரிசோதனை எடுத்து போனில் படம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த ரிப்போர்ட் வந்தாலும் இதோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் புரியும். அதே சமயத்தில் உண்ணிக்காய்ச்சல் வகைகளுக்கான ரத்தச் சோதனையும், காது நுனி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரும் கேளுங்கள். நிறைய நாய்கள் ஒன்றாகக் கட்டிக் கிடந்த கொட்டகையிலிருந்து வருவது எர்லீக்கியா (உண்ணிக்காய்ச்சல் கிருமி), பேபீசியா, கொக்கிப்புழு மூன்றில் ஒன்றையாவது கொண்டுவர வாய்ப்பு அதிகம். உண்ணிக்கு மாத மாத்திரையான நெக்ஸ்கார்டோ, 12 வாரம் தாங்கும் பிரேவெக்டோவோ எடைக்கேற்ப கொடுக்கலாம். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி மருந்தில் குளிப்பாட்டுவது, தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கலந்து தேய்ப்பது கூடவே கூடாது.

மயக்க மருந்து தனிச் சங்கதி. தயோபென்டோன் என்ற பழைய ஊசியின் மயக்கம் மற்ற நாய்க்குச் சில நிமிஷத்தில் தெளியும், ஏனென்றால் அது ரத்தத்திலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் போய் ஒதுங்குகிறது, மீதியைக் கல்லீரல் உடைக்கிறது. கிரேஹவுண்டிடம் ஒதுங்கக் கொழுப்பும் இல்லை, அதை உடைக்கிற கல்லீரல் நொதியும் மந்தம். மணிக்கணக்கில் எழுந்திருக்காது, உடம்பு ஜில்லிட்டுப் போகும். புரோபோபால் கொடுத்து ஐசோஃப்ளூரேன் கேஸில் வைப்பதே நல்லது. கருத்தடைக்கு முன் இதை நேரடியாகக் கேளுங்கள், கேஸ் வசதி இல்லாத இடத்தில் அவசரமில்லாத ஆபரேஷன் வேண்டாம். இன்னொன்று: ஆபரேஷன் நல்லபடி முடிந்து, ஒன்றரை இரண்டு நாள் கழித்துத் தையலைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் கன்றிப்போய் ரத்தம் கசிவது இந்த இனத்தில் உண்டு. அதைத் தடுக்க டிரானெக்சாமிக் ஆசிட் சில நாள் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் முன்னாலேயே பேசுங்கள். சிப்பிப்பாறையோ கன்னியோ கலந்த கிராஸ் என்றாலும் இந்த எச்சரிக்கை எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றுங்கள்.

மழைக்காலத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் இரண்டு காரணத்தைப் பாருங்கள். ஒன்று உண்ணிக்காய்ச்சல். மற்றொன்று, ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறிய அட்டை. ஒரு பக்க மூக்கில் மட்டும், விட்டு விட்டுக் கசிந்து, நாய் தும்மிக்கொண்டே இருந்தால் அட்டையைச் சந்தேகியுங்கள். நாயைச் சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு மூக்கருகே ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்தால் அட்டை எட்டிப் பார்ப்பதும் உண்டு. கையால் பிடித்து இழுக்காதீர்கள், பாதி அறுந்து உள்ளே நிற்கும், டாக்டரிடம் விடுங்கள். காலில் ஒட்டியதற்கு உப்பு போதும். நடை முடிந்து வந்ததும் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள்.

சாப்பாடு பெரிய சாஸ்திரம் இல்லை. பந்தய எடையில் விலா எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று கிலோ ஏறினால் போதும், கடைசி இரண்டு விலா லேசாகத் தெரிய வேண்டும். 30 கிலோ நாய்க்கு உலர் தீவனம் நாளைக்குச் சுமார் 400 கிராம், இரண்டு வேளையாக. குளிர் மாதங்களில் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். இதுவரை இறைச்சி, முட்டை என்று தின்றிருக்கும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேதி நிச்சயம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், உட்காரவும் முடியாமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது போலத்தான், மணிக் கணக்கில் உயிர் போகும். ராத்திரியில் எந்தச் சாலையில் எங்கே இறங்குவது என்று இப்போதே முடிவு பண்ணி வையுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. பெரிய வேலைக்குக் கோவைக்கோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கும். விருந்தாளி வாங்கி வரும் ஊட்டி ஹோம்மேட் சாக்லேட் மேசையில் கிடக்கக் கூடாது. கறுப்புச் சாக்லேட் நூறு கிராமுக்கு மேல் தின்றால் இந்த எடை நாய்க்கே நெஞ்சு படபடக்கும். மேசை உயரம் இந்த நாயின் மூக்கு உயரம்தான். வெங்காயம், திராட்சை, நம் தலைவலி மாத்திரைகளும் அங்கே கிடக்கக் கூடாது.

வரும் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவு வளைவாக ஏறும்போது வாந்தி எடுக்காமல் இருக்க, ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். காரின் பின்தரையில் ரப்பர் மேட் போட்டுப் படுக்கவையுங்கள். கதவைத் திறக்கும் முன் லீஷ் கையில் இருக்க வேண்டும். டீக்கடை வாசலில் கார்க் கதவைத் திறந்ததும் தாவி ஓடுவதுதான் வழக்கமான முதல் நாள் விபத்து. வைத்திருந்தவரிடம் தடுப்பூசிச் சீட்டு, பந்தயத்துக்கு முன் கொடுத்த ஊசி மருந்து விவரம், பழைய எலும்பு முறிவு எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிக்குச் சீட்டு இல்லையென்றால் போடாத மாதிரி எண்ணிப் புதிதாகப் போடுங்கள். உள்ளாட்சி உரிமத்துக்கும் அது வேண்டும்.

கொட்டகை நாய் மாடிப்படி பார்த்திருக்காது. கண்ணாடிக் கதவும் பார்த்திருக்காது, நேராகப் போய் மோதும். கண்ணாடியில் அதன் கண் மட்டத்தில் காகிதம் ஒட்டுங்கள். படிக்கு ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று, முன்னங்கால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பழக்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். வழியில் திடீரென்று சிலைபோல நின்றுவிடும், அப்போது இழுக்க வேண்டாம், பக்கவாட்டில் திருப்பி ஒரு வட்டம் அடித்தால் நடக்கும். தூங்கும்போது பாதிக் கண் திறந்திருக்கும், விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தைகள் மேலே விழுந்தால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். முதலில் பெயர் சொல்லி எழுப்பிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். அக்கம்பக்கக் கோழியும் பூனையும் முதல் சில மாதம் வாய்க்கூட்டோடு மட்டும். வீட்டுக்குள் ஒரு பூனையோடு ஒட்டிப் படுக்கும் நாய், அதே பூனையை முற்றத்தில் ஓடக் கண்டால் துரத்தும்.

நடை காலை மாலை இருபது முப்பது நிமிஷம் போதும். முதல் இரண்டு வாரம் சமமான பாதையில், பிறகு மேடு. இறக்கம் முன்னங்கால் மணிக்கட்டை வாங்கும், மெதுவாக. நொண்டினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடு விரல் மெத்தையில் வட்டமாக, கெட்டியாக, வெளுத்து இருந்தால் அது கால் ஆணி. புல்லில் நன்றாக நடந்து கல் ரோட்டில் நொண்டுவதுதான் அதன் அடையாளம். பாதத்தில் ஒன்றுமில்லை, ஓய்வு கொடுத்து இரண்டு வாரம் ஆகியும் நொண்டல் போகவில்லை, வயதும் ஏழைத் தாண்டிவிட்டது என்றால் சுளுக்கு என்று தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இந்த இனத்தில் எலும்புப் புற்று பெரும்பாலும் நொண்டலாகத்தான் தலைகாட்டும்.